சுவர் விழுந்த இடத்தில் ஒரு கோழிக்கூடு

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு செங்கல் சுவர் இருந்தது. அதை முதலில் தாண்டி வந்தது மதினி இல்லை. மதினியின் சாம்பல் நிறக் கோழி.

மதினி என்று நான் கூப்பிட்டாலும் அவர் எனக்கு உறவு இல்லை. ராஜபாளையத்தில் நாங்கள் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்தபோது அடுத்த வீட்டில் தனியாக இருந்தார். கணவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன் சென்னையில். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம் என்றாலும் தமிழ் என்னைவிட வேகமாக வரும். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்ட். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காத ஒரே பக்கத்து வீட்டுக்காரி அவர்தான்.

குடிவந்த இரண்டாம் வாரம் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு முட்டை கிடந்தது. எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் நின்றேன். கையை நீட்டினால் வாங்கவில்லை.

"ஒங்க மண்ணுல போட்டது ஒங்களுக்குத்தான். கோழிக்குத் தெரியாதா எங்க போடணும்னு?"

மறுநாளும் அதே இடத்தில் ஒரு முட்டை. நான்காவது நாள் நான் முட்டையோடு போனபோது அவர் அந்தச் சாம்பல் கோழியையே பிடித்து என் கையில் கொடுத்துவிட்டார். "இதுக்கு ஒங்க வீடுதான் பிடிச்சிருக்கு. வச்சுக்கோங்க." நான் வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் அது சுவரேறி அவர் வீட்டுக்கே போய்விட்டது. இதற்குப் பிறகு எந்தக் கோழி யாருடையது என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

அந்தி சாயும்போது அவர் கொல்லையில் நின்று, "தா... தா... தா..." என்று கூப்பிடுவார். கொஞ்ச நாள் நான் அவர் கோழியிடம் முட்டை கேட்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அட கூறுகெட்டவளே, தெலுங்குல 'தா'ன்னா 'வா'ன்னு அர்த்தம்டி," என்றார். அன்றுதான் என்னை முதன்முதலாக ஒருமையில் பேசினார். எனக்கு அது பிடித்திருந்தது.

கோழிகளை அவர் ராத்திரிக்குப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பார். மூங்கில் பிளாச்சில் பின்னிய பெரிய கூடைதான் பஞ்சாரம். மேலே ஒரு சாக்கு, சாக்கின் மேல் ஒரு கல். மழை வந்தால் கூடையைச் சுவரோரமாக நகர்த்துவார். நல்லதாக ஒரு கூடு கட்டலாமே என்று நான் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன்.

"கம்பி வலைக்குள்ள போட்டு வளக்கறதுக்குக் கோழி என்ன ஜெயில் கைதியா? இத்தன வருசம் பஞ்சாரத்துலதான கெடந்துச்சு."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும்.

புரட்டாசி மாதம் முழுக்க இரண்டு வீட்டிலும் முட்டை தொடமாட்டோம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். அவர்கள் வீட்டிலும் பெருமாள்தான். சனிக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் பஸ் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயர் உள்ள சின்ன மலையில் ஏறிப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு, மத்தியானத்துக்குள் வீடு திரும்பிவிடுவோம். கோழிகளுக்கு மாதம் தெரியாது. அவை பாட்டுக்கு முட்டையிட்டுக்கொண்டிருக்கும். சேர்த்து வைத்து அடைக்கு வைப்போம். இருபத்தொரு நாளில் குஞ்சு பொரியும்போது சரியாக ஐப்பசி மழை வந்து நிற்கும். ஒவ்வொரு வருடமும் குஞ்சுகள் மழையில்தான் கண் திறக்கும்.

அந்த வருடம் சாம்பல் கோழி பதினோரு குஞ்சு பொரித்திருந்தது. மூன்று நாள் விடாத மழை. எங்கள் தெரு கொஞ்சம் பள்ளம். மேற்கே மலையிலிருந்து இறங்குகிற தண்ணீரெல்லாம் எங்கள் கொல்லை வழியாகத்தான் ஓடைக்குப் போகும் என்று அந்த மழையில்தான் தெரிந்துகொண்டோம். மூன்றாம் நாள் மத்தியானம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது தரையே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் நடுச்சுவர் பத்தடி நீளத்துக்குச் சரிந்து கிடந்தது. அந்தப் பக்கம் மதினி கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். அத்தனை வருடத்தில் இரண்டு பேரும் கொல்லையிலிருந்து முழு உருவமாக ஒருவரையொருவர் பார்த்தது அன்றுதான். இரண்டு பேருக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

பிறகுதான் பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தோம். செங்கல் அதன்மேல் விழவில்லை. ஆனால் அடியில் மண் சேறாகியிருந்தது. கோழி நனைந்த இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தது. இறக்கைக்கடியில் ஐந்து குஞ்சுகள் விறைத்துப்போயிருந்தன. மீதி ஆறையும் மதினி முந்தானையில் அள்ளிக்கொண்டு போய் அடுப்பருகில் வைத்துக் காயவைத்தார். தாய்க்கோழியை வேறு மேட்டில் பஞ்சாரம் கவிழ்த்து அடைத்தோம்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம் கோழி அலறியது. நான் போவதற்குள் கீரி வேலையை முடித்துவிட்டிருந்தது. ஊறிப்போன மண்ணைக் கூடைக்கடியில் தோண்டி உள்ளே நுழைந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் அவசரமே இல்லாமல் திரும்பி, சரிந்த செங்கல்களின் மேல் ஏறி, சுவர் இருந்த இடத்தின் வழியாகப் போனது. மதினி வந்தார். சாம்பல் கோழியைப் பார்த்தார். மண்வெட்டி எடுத்து வந்து தன் கொல்லை முருங்கைக்கடியில் குழி வெட்டினார். கறிக்கு எடுக்கலாமே என்று தெருவில் யாரோ சொன்னதற்கு அவர் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

மிஞ்சிய பெரிய கோழிகளில் இரண்டு இளைக்க ஆரம்பித்தன. கொர் கொர் என்று மூச்சு. கூடையில் வைத்து அரசு கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் எங்களைவிடச் சின்ன வயதுப் பெண். மூக்கைப் பார்த்து, தண்ணீரில் கலந்து கொடுக்க மருந்து எழுதிவிட்டுக் கேட்டார்.

"ராத்திரி எங்க அடைக்கிறீங்க?"

"பஞ்சாரத்துல."

"தரையிலயா? இந்த ஈரத்துலயா? மருந்து குடுக்கேன், ஆனா ஈரம் போகலன்னா திரும்பத் திரும்ப வரும். கோழி குளிரத் தாங்கிக்கிடும்மா. ஈரத்தத் தாங்காது."

மதினி மருந்துச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு உள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே தேக்கில் ஒரு பெரிய இரட்டைக் கட்டில்.

"இதப் பிரிச்சா கூட்டுக்குப் பலகை ஆகுமா பாரு."

"மதினி, இது அண்ணன் படுத்த கட்டில்ல..."

"அவிய போனதுல இருந்து நான் தரையிலதான் படுக்கேன். இது சும்மா நிக்கி. நிக்கிறதப் பாத்துக்கிட்டே இருக்கத்தான் கஷ்டமா இருக்கு."

சுவரை மறுபடி எடுப்பதில்லை என்று முடிவு செய்தது யார் என்று ஞாபகம் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்திருக்க வேண்டும். இடிந்த பத்தடி இடைவெளியில், பாதி அவர் கொல்லையிலும் பாதி என் கொல்லையிலுமாகக் கூடு நிற்கும். முன்னால் கோழிகள் பகலில் உலாவ வலையடித்த ஒரு முற்றம். எங்கள் பக்கம் ஒரு கதவு, அவர்கள் பக்கம் ஒரு கதவு.

என் வீட்டுக்காரருக்கு வார லீவு வருகிற நாளில் மட்டும் வேலை நடக்கும். நான்கு வாரம் ஆனது. முதலில் விழுந்த செங்கல்லைக் கொட்டித் தரையை மேடாக்கினோம். நான்கு கல்தூண் நட்டு, அதன்மேல் இடுப்புயரத்தில் கட்டில் சட்டங்களை வைத்துத் தளம். எச்சம் கீழே விழ நடுவில் இடைவெளி விட்டுப் பலகை அடித்தார். எங்கள் ஊரில் அடைமழை வடகிழக்கிலிருந்து சாய்வாக வரும். அதனால் அந்த இரண்டு பக்கமும் முழுப் பலகை. தெற்குப் பக்கம், கூரையை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குக் காற்றுப் போக வலை. கூரைக்குத் தகரம். சாரல் உள்ளே அடிக்காதபடி இரண்டடி வெளியே நீட்டிவிட்டோம். உள்ளே கோழிகள் உட்கார வேப்பங்கிளை. நான் வழவழப்பான பைப் போடலாம் என்றேன். "நீ அதுல உக்காந்து தூங்குவியா?" என்றார் மதினி.

வலை விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடையில் முதலில் காட்டியது மெல்லிய அறுகோண வலை. கீரி பல்லில் கடித்தே பிரித்துவிடும். விரல் நுழையாத கட்டம் போட்ட, வெல்டிங் வைத்த கெட்டிக் கம்பி வலையைத்தான் வாங்க வேண்டும் என்று நின்றேன். சுற்றிலும் ஓரடி ஆழம் தோண்டி, வலையை இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக மடக்கி மண் மூடினோம். தோண்டிக்கொண்டு வருகிற கீரி அந்த மடிப்பில் முட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். பருந்து இறங்காமல் இருக்க மேலேயும் வலை. கதவுக்கு ஒரு கொண்டி போதாதென்று மதினியே இரண்டாவதாக ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னார். கூண்டை ஜெயில் என்று சொன்னவர்.

"இப்ப என்ன மதினி, கைதிக்கு ரெண்டு பூட்டா?" என்று கேட்டேன்.

"உள்ள இருக்கறது தப்பிச்சுப் போகாம இல்லடி. வெளிய இருக்கறது உள்ள வராம," என்றார். சொல்லிவிட்டு முருங்கைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கூட்டில் ஒரு கோழிகூட நனையவில்லை. தளத்துக்கடியில் ஆற்றுமணல் கொட்டிய தரை, மழைக்காலத்திலும் கையில் அள்ளினால் உதிரும். வாரம் ஒரு தடவை எச்சத்தை வழித்து இரண்டு வீட்டுச் செடிக்கும் போடுவோம். மூலையில் அடுப்புச் சாம்பல் குவித்து வைத்தால் கோழிகள் அதில் புரண்டு குளிக்கும். கீரி வரத்தான் செய்தது. ஒரு நாள் விடியற்காலம் வலையைச் சுற்றிச் சுற்றி வந்து, இரண்டு இடத்தில் மண்ணைப் பறித்துப் பார்த்துவிட்டுப் போனது. நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் நின்று மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் கம்பெனியிலிருந்து வர ஐந்து மணியாகும். சேலைகூட மாற்றாமல் என் பக்கக் கதவைத் திறந்துகொண்டு போவேன். அவர் தன் பக்கக் கதவு வழியாகக் காபியோடு வருவார். இரண்டு பேரும் கவிழ்த்த பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்துகொள்வோம். கோழிகள் காலைச் சுற்றிக் கொத்தும். கம்பெனியில் சூப்பர்வைசர் திட்டியது, அவர் மகனிடமிருந்து போன் வராதது, மகாராஜபுரத்துச் சொந்தக்காரர்கள் கொண்டுவந்த தேங்காய், ஆஸ்பத்திரியில் எனக்கு இனிக் குழந்தை பிறக்காது என்று சொல்லிவிட்டது, எல்லாவற்றையும் அங்கேதான் பேசினோம். அந்தக் கடைசி விஷயத்தைச் சொன்ன அன்று அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குஞ்சைப் பிடித்து என் மடியில் விட்டார். அது என் சேலையில் எச்சமிட்டது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். நான்கு வருடம் அப்படிப் போனது.

பிறகு ஒரு சித்திரையில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கை எலும்பில் விரிசல். பெரிய அடி இல்லை. ஆனால் மகன் வந்து பார்த்துவிட்டு, இனிமேல் தனியாக விட முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அம்மாமேல் பாசம் உள்ள பிள்ளை. நான் இருக்கேனே என்று சொல்ல வாய் வரை வந்தது. நான் யார் என்று அவர் கேட்டால் பதில் இல்லை.

வீட்டை விலைக்குக் கொடுத்தார்கள். கிளம்புகிற அன்று மதினி தன் பக்கக் கதவின் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு, வலைக்கு வெளியே நின்றார். நான் உள்ளே நின்றேன்.

"கோழிய எல்லாம் நீயே வச்சுக்கோ."

"எந்தக் கோழி ஒங்களுது, எந்தக் கோழி என்னுது மதினி?" என்றேன்.

அவர் இரண்டாவது தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தார்.

வீட்டை வாங்கியவர் நல்ல மனிதர். வந்த முதல் வாரமே வந்து பேசினார். "அக்கா, தப்பா நெனைக்காதிய. காம்பவுண்டு எடுத்துத்தான் ஆகணும். எங்க வீட்ல கோழின்னா ஆகாது." அவர் இடம், கேட்பதற்கு நியாயம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் கூட்டைத் தூணோடு பெயர்த்து எங்கள் பக்கம் நகர்த்தினார். முற்றம் பாதியானது. வலையை அறுத்து, மறுபடி ஓரடி தோண்டிப் புதைத்தோம். வாரம் ஒன்று முடிவதற்குள் ஹாலோபிளாக் சுவர் எழுந்தது. முன்பு இருந்ததைவிட ஓரடி உயரம் அதிகம்.

கோழிகளுக்குப் புரியவில்லை. பத்துப் பதினைந்து நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவை போய் அந்தப் புதுச் சுவரைப் பார்த்து நிற்கும். அந்தப் பக்கத்திலிருந்துதான் முன்பு அரிசியும் காபியும் வரும். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கண்ணால் சுவரைப் பார்க்கும். பிறகு ஒன்றொன்றாகத் திரும்பி மண்ணைக் கிளற ஆரம்பித்துவிடும். நான் திரும்ப ரொம்ப நாள் பிடித்தது. ஒரு பெயின்ட் டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். இரண்டு கிடந்தால் அதைத்தான் கண் பார்க்கிறது.

"அடுத்த வீட்டு அம்மாகிட்டப் போய்ப் பேசேன். அவியளும் நல்லாத்தான் பழகுதாவ," என்றார் என் வீட்டுக்காரர். பேசினேன். நன்றாகத்தான் பழகுகிறார்கள். ஆனால் அவர்களிடம் நான் இன்றுவரை ஒரு தடவைகூட அழுததில்லை.

மதினி வாரம் ஒரு தடவை போன் பண்ணுவார். பதினோராவது மாடியாம். லிப்டுக்குப் பயந்து முதல் மாதம் கீழேயே இறங்கவில்லையாம். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் வீட்டில் சத்தமே இருக்காதாம். "முட்டை அட்டைப் பெட்டில வருதுடி. எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை. எந்தக் கோழி போட்டதுன்னு யாருக்கும் தெரியாது," என்றார்.

போன ஆடிப்பூரத்துக்கு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் பார்க்க மகன் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கூட்டத்தில் வடம் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இளைத்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியதும் வீட்டுக்குள் நிற்காமல் கொல்லைக்குப் போனார். வலைக் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். மணலை அள்ளிப் பார்த்தார். கிளையை அசைத்துப் பார்த்தார். தளப்பலகையில் கையை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். அது கட்டிலின் தலைமாட்டுப் பலகை. பூ வேலைப்பாடு இன்னும் தெரியும்.

பழைய கோழிகளில் இரண்டுதான் மிச்சம். அவரை அவை அடையாளம் கண்டதாக எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களைப் போலவே அவரிடமிருந்தும் விலகி ஓடின. மதினி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "பொறந்த குஞ்சு எல்லாம் புதுசு. அதுக்கு நான் யாரோ," என்றார். குரலில் குறை இல்லை.

பிறகு துவைக்கிற கல்லின்மேல் ஏறினார். நான் தடுக்கப் போனேன். "இருடி, விழமாட்டேன்," என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் கொல்லை முழுக்க சிமென்ட் போட்டிருக்கிறார்கள். கார் நிற்கிறது. முருங்கை இல்லை. எனக்கு அது தெரியும், போனில் சொல்லவில்லை. அவர் விரல்கள் என் தோளில் இறுகின. எவ்வளவு நேரம் பார்த்தாரென்று தெரியவில்லை. இறங்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கறிவேப்பிலைய விட்டு வச்சிருக்காவ," என்றார். "நல்லாத் தழைச்சிருக்கு. காபி போடு."

உள்ளே எடுத்து வைத்திருந்த டப்பாவை மறுபடி கொண்டுவந்து போட்டேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பேசவேண்டியது எவ்வளவோ இருந்தது. அவர் கூட்டின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் ரயிலுக்கு நேரமாச்சு என்று இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். ஸ்டேஷனுக்கு நானும் போனேன். ரயில் நகர ஆரம்பித்த பிறகு ஜன்னலில் முகத்தை வைத்து அவர் சொன்னது, "கூரைத் தகரத்துல கெழக்கு மூலையில ஒரு ஆணி ஓட்டை இருக்கு. ஐப்பசிக்கு முன்னாடி அடைச்சுரு."

மறுநாள் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். இருந்தது. பென்சில் முனை அளவு. இத்தனை மாதம் தினமும் பார்த்த என் கண்ணில் அது படவில்லை. தார் காய்ச்சி அடைத்தேன்.

இந்த ஐப்பசியில் மழை ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் ராத்திரி பத்து மணி வாக்கில் குடையோடு போய்க் கூட்டுக்குள் கையை விட்டுத் துழாவினேன். பலகை, வைக்கோல், கிளை எல்லாம் காய்ந்திருந்தன. அடைக்கோழி கையைக் கொத்தியது. தாழ்வாரத்துக்கு வந்து மதினிக்குப் போன் போட்டேன்.

"ஒரு சொட்டு எறங்கல மதினி."

"அங்க மழையா?" என்றார். "இங்கயும் பெய்யுதாம். டிவில காட்டுறான். எனக்குத்தான் தெரியல. ஜன்னலுக்கெல்லாம் கண்ணாடி போட்டு அடைச்சிருக்காவ. பெய்யற சத்தமே கேக்கல."

பிறகு அவர் கேட்டார்.

"ஏட்டி, செத்த நேரம் போனை வெளிய நீட்டேன். தகரத்துல விழுற சத்தம் கேக்கட்டும்."

நான் குடையைக் கீழே வைத்துவிட்டு, கூட்டுக் கூரையின் நீட்டத்துக்கடியில் போய் நின்று போன் பிடித்த கையைத் தகரத்தை ஒட்டி நீட்டினேன். முழங்கை வரை நனைந்தது. அவர் போதும் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.